மார்க்கெட் தெருவில் கிட்டங்கி எங்கே? சிங்கப்பூர் போகும் செட்டிநாட்டாருக்கு ஒரு விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் பழைய பேரேடுகளில் 'சிங்கப்பூர், மார்க்கெட் தெரு' என்ற பெயர் அடிக்கடி வரும். பாட்டனார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் செய்யப் போன இடம். திருச்சியிலிருந்து நேரடி விமானத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகத்தில் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் அந்தப் பெயரைக் கைப்பேசி வரைபடத்தில் தட்டித் தேடிப் போகிறவர்கள் கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே நின்றுவிடுகிறார்கள். தெரு இருக்கிறது, பெயர்ப் பலகையும் இருக்கிறது, கிட்டங்கி மட்டும் இல்லை.

நடந்து பத்து நிமிட தூரத்திலேயே நூற்றைம்பது ஆண்டு பழைய கடைவீடுகள் வண்ணம் பூசி நிற்கின்றன. ஒன்று நிற்க, மற்றொன்று போனது ஏன் என்று புரிந்துகொண்டால், இந்தத் துறைமுக நகரத்தில் எதைத் தெருவில் தேடுவது, எதைக் கோயிலில் தேடுவது, எதை அருங்காட்சியகத்தில் தேடுவது என்பது தெளிவாகிவிடும்.

கிட்டங்கி என்பது என்ன

கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் இடம் என்பது சொல்லின் நேர்ப்பொருள். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள் வழக்கில் அது தொழில் நடக்கும் கட்டடம். முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் கடைவீடு. கீழ்த்தளத்தில் ஒரு கடைக்கு இவ்வளவு இடம் என்று பிரித்து, ஒவ்வொரு கடைக்காரரும் தரையில் பாய் விரித்து, முன்னால் தாழ்வான மரப்பெட்டி வைத்து உட்காருவார். பெட்டியே கணக்கு எழுதும் மேசை. பக்கத்தில் ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டி. ஒரே கூரையின் கீழ் பல விலாசங்கள். சமையலும் படுக்கையும் அதே கட்டடத்தில்.

விலாசம் என்பது இங்கே முகவரி அன்று. குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து வைத்த கடைப்பெயர். முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. அது முடிந்ததும் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) எடுத்து ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். இலாபத்திலோ முதலிலோ ஒரு சிறு பங்கு மகமையாகக் கோயிலுக்குப் போகும்.

பணம் யாருக்குப் போனது? ஆற்றங்கரைச் சீன வணிகர்களுக்கு, மிளகு, கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி) தோட்டக்காரர்களுக்கு, பிறகு இரப்பர் தோட்டங்களுக்கு, சம்பளக்காரர்களுக்கு. 19ஆம் நூற்றாண்டில் அபின் வணிகத்துக்கும் போனது. அந்தத் துறைமுகத்தின் வரலாற்றில் அதை மறைக்க முடியாது. வங்கிகள் நம்பாத சிறு வணிகனைச் செட்டியார் நம்பினார் என்பதும் அதே அளவு உண்மை.

கடற்கரை இடம் பெயர்ந்த ஊர்

இரண்டாவது குழப்பம் நிலத்தைப் பற்றியது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் 1819 ஜனவரியில் இறங்கியபோது துறைமுகம் என்பது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரம்தான். கப்பல்கள் வெளியே நங்கூரமிட, சிறு படகுகள் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவந்து போட் கீ என்ற கரையில் இறக்கின. போட் கீக்குப் பின்னால் சூலியா தெரு, அதை ஒட்டி மார்க்கெட் தெரு. கடன் வேண்டியவர் படகுத்துறையிலிருந்து நடந்தே கிட்டங்கிக்கு வந்துவிடும் தூரம். கிட்டங்கி ஏன் அங்கே அமைந்தது என்பதற்கு இதுவே காரணம்.

தெலுக் ஆயர் தெருவில் இப்போது நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்தத் தெருதான் அன்றைய கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிக் கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலமாக்கியதால் கரை தள்ளிப் போயிற்று. நல்லபடி கரை சேர்ந்தவர்கள் நன்றி சொல்லக் கட்டிய கோயில்களும் பள்ளிவாசல்களும் அந்தத் தெருவில் வரிசையாக நிற்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அவற்றில் நம் மண்ணுக்கு நெருக்கமானது நாகூர் தர்கா. 1828க்கும் 1830க்கும் இடையில், நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது நினைவாகச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. உள்ளே யாரும் அடக்கமாகவில்லை, இது நினைவிடம் மட்டுமே. இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அதே தெருவில் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கலாம்.

ஏன் ஒன்று நின்றது, மற்றொன்று போனது

இதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

1. தொழில் முதலில் தளர்ந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் அச்சடித்த நோட்டுகளில் பழைய கடன்கள் திருப்பிக் கட்டப்பட்டன. 1945இல் அந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. போருக்குப் பின் வங்கிகள் பெருகின, சட்டங்கள் இறுகின.

2. ஆள் வரத்து குறைந்தது. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் இறங்குவது ஒரு தலைமுறையின் பழக்கம். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல் 1973 வரை ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. குடியேற்ற விதிகள் கடுமையானபோதே, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆள் மாற்றும் கணக்கு முறை நின்றுபோயிற்று.

3. நிலத்தின் மதிப்பு ஏறியது. மார்க்கெட் தெரு, ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தை அரசு நிதி மையமாக வகுத்தது. வரைபடத்தில் காலணி வடிவில் தெரிந்ததால் அதற்கு கோல்டன் ஷூ என்று பெயர். கடைவீடுகளை இடித்து மாடிகள் எழுப்புவதே அங்கே கொள்கை.

4. காப்புச் சட்டம் பிந்தி வந்தது. தேசிய நினைவுச்சின்னங்களைக் காக்கும் வாரியம் 1971இல் அமைந்தாலும், அது தனித்தனிக் கட்டடங்களுக்கே காப்புக் கொடுத்தது. ஒரு வட்டாரம் முழுவதையும் காப்புப் பகுதியாக அறிவிக்கும் ஏற்பாடு 1989இல்தான் வந்தது. சைனாடவுன், லிட்டில் இந்தியா, போட் கீ எல்லாம் அப்போது தப்பின. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் அதற்கு முன்பே இடிபட்டுவிட்டன.

5. அந்தத் தெருவில் 1984இல் எழுந்த பல மாடி வாகன நிறுத்தகமும் இன்று இல்லை. அந்த இடத்தில் 51 மாடி, 280 மீட்டர் உயரத்துக்கு கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது.

ஆக, போட் கீயில் பார்க்கும் கடைவீடுகள் கிட்டங்கிகள் அல்ல. ஆனால் அளவிலும் அமைப்பிலும் அதே இனம். குறுகிய முகப்பு, முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதை, ஓட்டுக் கூரை. கிட்டங்கி எப்படி இருந்திருக்கும் என்று கண்ணால் அளந்து பார்க்க அந்த வரிசை போதும்.

டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்

செட்டியார் போன ஊரிலெல்லாம் தண்டாயுதபாணி இருப்பார். சிங்கப்பூரில் அவர் இருப்பது டேங்க் ரோட்டில். ஓர் அரசமரத்தடியில் வேல் ஊன்றி வழிபட்டு, அருகிலிருந்த குளத்தில் நீராடி வந்தார்கள் என்பது வழக்கு. பிறகு ஆக்ஸ்லி தோட்டத்திலிருந்து நிலம் வாங்கிக் கோயில் கட்டி 1859 ஏப்ரல் 4இல் குடமுழுக்குச் செய்தார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் இங்கே குழம்பும் இடம் ஒன்று உண்டு. பலகை 1859 என்கிறது. ஆனால் ஐந்து நிலை இராசகோபுரமும் மண்டபமும் புதிதாகத் தெரிகின்றன. பழைய கட்டடம் எடுக்கப்பட்டு 1983 நவம்பரில் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. மீண்டும் திருப்பணி செய்து 2022 டிசம்பர் 1இல் இன்னொரு குடமுழுக்கு. அப்படியிருக்க, 2014 அக்டோபரில் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது எப்படி? கல்லின் வயதை மட்டும் பார்த்தால் பொருந்தாது. ஒரு சமூகத்தின் வழிபாடும் விழாவும் ஒரே இடத்தில் அறுபடாமல் தொடர்வதையும் சேர்த்தே மதிப்பிட்டார்கள். செட்டிநாட்டாருக்கு இது புதிதும் அல்ல. இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது நகரக் கோயில்களும் நகரத்தார் திருப்பணியில் புதுக் கல் ஏறியவைதான். அதனால் கோயிலின் வயது குறைந்ததாக நாம் யாரும் நினைப்பதில்லை.

கோயில் வழிபாட்டுக்கு மட்டும் இருக்கவில்லை. வெளிநாடுகளில் நகரத்தார் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்ததும், தமக்குள் வழக்குத் தீர்த்ததும், மகமை சேர்த்ததும் கோயிலில்தான். வங்கியும் வழக்காடு மன்றமும் மடமும் ஒரே வளாகத்தில். கிட்டங்கி போன பிறகு அந்த வாழ்க்கையின் எஞ்சிய உயிர்நாடி இந்தக் கோயில் என்று சொல்வது மிகையாகாது. ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே போகலாம்.

தைப்பூசத்துக்கு முதல் நாளைச் சிங்கப்பூரில் செட்டிப்பூசம் என்பார்கள். அன்று வெள்ளி இரதத்தில் முருகன் இங்கிருந்து புறப்பட்டு கியோங் சைக் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போவார். அந்தப் பிள்ளையார் கோயில் 1925இல் கட்டியது. மறுநாள் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் டேங்க் ரோடு நோக்கி வரும். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு நாளும் வேறோர் ஊராகத் தோன்றாது. நின்று கட்டடத்தைப் பார்க்க நினைப்பவர்கள் மட்டும் அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

தமிழர் கோயில்களில் மூத்தது சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827இல் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியது. இதை நிறுவிய நாராயண பிள்ளை 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்தவர். 1973இல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. தீமிதித் திருவிழா இன்றும் நடக்கிறது.

தெரு இழந்ததை வைத்திருக்கும் அருங்காட்சியகங்கள்

லிட்டில் இந்தியா, கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் 2015 மே மாதம் திறந்தது. கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவது நம் பழக்கம். இங்கே மின்தூக்கியில் நான்காம் தளத்துக்குப் போய்ப் பழங்காலத் தொடர்புகளில் தொடங்கி, மூன்றாம் தளத்துக்கு இறங்கி வர வேண்டும். மாற்றிப் பார்த்தால் காலவரிசை தலைகீழாகிவிடும்.

அங்கே நிற்க வைக்கும் பொருள் ஒரு செட்டிநாட்டு வாசல்நிலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த மரவேலை. அதில் சுமார் 5,000 நுண்ணிய செதுக்கல்கள் இருப்பதாக நிலையம் கணக்குச் சொல்கிறது. பார்க்கும்போது மூன்றைக் கவனிக்கலாம். முதலாவது, நிலைக்கு மேலே உள்ள பலகை: நம் வீடுகளில் கஜலட்சுமி இருக்கும் இடம் அது. இரண்டாவது, பக்கக் கால்களில் மேலேறும் கொடியும் யாளியும் பறவைகளும் அடுக்கப்பட்ட முறை. மூன்றாவது, அளவு. வளவு வீட்டின் முகப்பில் அகலமான திண்ணைகளுக்கு நடுவே நிற்க வேண்டிய நிலை, அருங்காட்சியகக் கூரைக்குக் கீழே எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பார்த்தால் அந்த வீட்டின் அளவு மனதில் வரும்.

இந்த வாசலைப் பார்க்கும்போது ஒரு வருத்தமும் சேர்ந்தே வரும். நிலை அங்கே நிற்கிறது என்றால், எங்கோ ஒரு வீட்டில் அது இருந்த இடம் வெற்றிடம். பங்காளிகள் பத்துப் பதினைந்து பேராகப் பிரிந்து, பராமரிக்க ஆளும் பணமும் இல்லாமல், வீடு இடிபட்டு, நிலையும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருவது எல்லோரும் அறிந்தது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. உத்தேசப் பட்டியல் என்பது முதல் படி மட்டுமே. தனியார் வீட்டை இடிப்பதை அது தடுக்காது. மார்க்கெட் தெருவில் சட்டம் பிந்தி வந்தது போலவே இங்கும் பிந்தினால், மிஞ்சுவது அருங்காட்சியகத்துக்குப் போன நிலைகள் மட்டும்தான்.

ஆற்று முகத்துவாரத்தில் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் இருக்கிறது. எம்பிரஸ் பிளேஸ் என்ற அந்தப் பழைய அரசுக் கட்டடத்தில்தான் ஒரு காலத்தில் குடிநுழைவு, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகங்கள் இருந்தன. கப்பலில் வந்த பலருடைய பெயர் பதிவான கட்டடம் என்ற நினைவோடு உள்ளே போகலாம். அங்கே விடக்கூடாதது சீனத் தாங் அரசமரபுக் காலக் கப்பற்சேதக் காட்சி. 9ஆம் நூற்றாண்டில் சீனப் பீங்கான் ஏற்றிப் போய் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே மூழ்கி, 1998இல் கண்டெடுக்கப்பட்ட கப்பல். ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மரக்கலம் அது. வெளியே ஆற்றோரம் வட்டிக்கடைச் செட்டியாரையும் இன்றைய நிதிச் சந்தைக்காரர்களையும் சேர்த்து வார்த்த வெண்கலச் சிற்பம் ஒன்று உண்டு. மார்க்கெட் தெருவில் இல்லாத அடையாளம் இங்கேதான் கிடைக்கும்.

தேசிய அருங்காட்சியகம் 1887இல் எழுந்த கட்டடம். சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டு அங்கே இருக்கிறது. ஆற்று முகத்தில் ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலத்தில் எழுத்துகளோடு நின்ற பாறையை, வழியை அகலப்படுத்த 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டின் எழுத்தை இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை.

எந்த வரிசையில் போவது, எங்கே தவறும்

முதல் நாள் காலை தெலுக் ஆயர் நிலையத்தில் இறங்கி நாகூர் தர்கா, தியான் ஹொக் கெங். அங்கிருந்து நடந்து மார்க்கெட் தெரு, சூலியா தெரு, போட் கீ. பிறகு 1869இல் கட்டிய கேவனா பாலத்தைக் கடந்தால் ஆசிய நாகரிக அருங்காட்சியகம். வெயில் நேரம் முழுவதும் உள்ளே. மாலையில் ஃபோர்ட் கேனிங் நிலையத்துக்கு அருகிலுள்ள டேங்க் ரோடு கோயில். மறுநாள் மாரியம்மன் கோயில், மரபுடைமை நிலையம், தேசிய அருங்காட்சியகம்.

வழக்கமாகத் தவறும் இடங்கள்:

1. நண்பகலில் கோயிலுக்குப் போய்ச் சாத்திய கதவைப் பார்த்துத் திரும்புவது. ஊரைப் போலவே அங்கும் உச்சிக்கால பூசை முடிந்து நடை சாத்தி, மாலையில் திறப்பார்கள். அருங்காட்சியகத்தை நடுப்பகலுக்கு வைக்கச் சொல்வது இதனால்தான்.

2. மரபுடைமை நிலையத்துக்குத் திங்கட்கிழமை போவது. அன்று விடுமுறை.

3. 'அனுமதி இலவசம்' என்று கேட்டுவிட்டுப் போவது. நிரந்தரக் காட்சிகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் இலவசம். நமக்குக் கட்டணம் உண்டு.

4. பயணத் தாள்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே வேண்டும். அதோடு இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்கு அரசு காசு வாங்குவதில்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர் தளம்.

5. நேரக் கணக்கு. அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு விமானத்தில் தூங்காமல் போய்க் காலையில் நடக்கத் தொடங்கினால் மதியத்துக்குள் உடம்பு ஒத்துழைக்காது.

வீட்டுப் பேரேட்டை வைத்துத் தேடுவோருக்கு

பாட்டனாரின் கடை எங்கே இருந்தது என்று தேட விரும்புபவர்கள் கிளம்பும் முன்பே ஊரில் வேலையை முடிக்க வேண்டும். பேரேடு, பழைய கடித உறை, உண்டியல் தாள், கடவுச்சீட்டு ஆகியவற்றில் கதவு எண், விலாசம், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். கதவு எண் இல்லாமல் மார்க்கெட் தெரு என்று மட்டும் தெரிந்தால் தேடல் நகராது.

சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பை இணையத்தில் காசில்லாமல் தேடலாம். அங்கே பலர் தோற்பது எழுத்துக்கூட்டலில். பழைய ஆங்கில ஏடுகள் செட்டியார் என்பதை Chetty, Chitty, Chettiar என்று பல விதமாக எழுதின. விலாசத்திலும் அதே சிக்கல். அ.ரு. என்பதை நாம் ஆனா ரூனா என்று படிப்போம். எழுத்தர் சிலர் அதை அப்படியே முழுச் சொல்லாக எழுதினார்கள். சிலர் ஆங்கில முதலெழுத்தாக மாற்றினார்கள். மூனா, கானா, சூனா, லேனா என்று உச்சரிப்பின்படியும், தனி எழுத்துகளாகவும் இரண்டு விதத்திலும் தேட வேண்டும். கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் உள்ளன. கிட்டங்கியில் இருந்தவர்களின் குரலும் அவற்றில் இருக்கிறது.

பேரேட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பழைய தாள் மடிப்பில் ஒடியும், ஈரக்காற்றில் மை ஊறும். மேசையில் விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், ஒவ்வொரு பக்கத்தையும் நேர்மேலிருந்து படம் எடுத்து, அட்டையையும் முதல் பக்கத்தையும் தனியே எடுத்தால் போதும். அடுத்த முறை வீட்டை ஒழிக்கும்போது பழைய காகிதக்காரரின் தராசுக்கு அது போய்விடாமல், எந்த அலமாரியில் இருக்கிறது என்று பங்காளிகள் எல்லோருக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள்.